ஒரு சென்ட் பாக்கி

ஆர்லோ ப்ரூயிட், வெண்டல் க்ரவுஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் சரியாக ஒரு சென்ட்.

ஒரு சென்ட்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்குக் கடையில் மிச்சம் தருகிற சென்ட் இல்லை அது. அமெரிக்கக் குடியரசு பிறந்த புதிதில் அடித்த பெரிய செம்புச் சென்ட். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். இரண்டு கிழவர்களுக்கும் அதுதான் பைத்தியம், அதுதான் பந்தயப் பணம். ஏலப் பட்டியலில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து, அது இன்ன ரகம் என்று ஆர்லோ அடித்துச் சொன்னார். இல்லை என்றார் வெண்டல். புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆர்லோ தோற்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதன்கிழமையும், டோரீன் கடையின் ஜன்னலோர மேசையில், வெண்டல் காத்திருந்து வரவேற்றார்.

"வாங்க கடன்காரரே! பாத்து உக்காருங்க, மேசை ஆடும். கடன்காரன் கை வச்சா இன்னும் கொஞ்சம் ஆடும்."

மேசை உண்மையிலேயே ஆடும். வெண்டல் முழங்கையை வைத்தால் ஆர்லோவின் காப்பி சிந்தும். ஆர்லோ வைத்தால் வெண்டலுடையது. காகிதக் கைக்குட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் அது கூழாகிவிடும். "ஒரு நல்ல மேசை போட வக்கில்லையா டோரீன்?" என்று இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.

அந்தப் புதன்கிழமை ஆர்லோ உட்காரவே இல்லை. நின்றபடியே சட்டைப் பையிலிருந்து கறுத்துத் தேய்ந்த ஒரு செம்பை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இந்தா உன் சென்ட். இனிமே கடன்காரன்ங்கற வார்த்தை உன் வாயிலேருந்து வரக்கூடாது."

வெண்டல் அதைக் கையால் தொடவில்லை. கரண்டிக் காம்பால் புரட்டினார்.

"என்னய்யா இது, அடுப்புச் சாம்பலைக் கிளறி எடுத்தியா? முகமும் தெரியல, முதுகும் தெரியல."

"சென்ட்னுதான் பந்தயம் கட்டினோம். அழகான சென்ட்னு கட்டல."

தொப்பியை மாட்டிக்கொண்டு ஆர்லோ வெளியே வந்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். நாள் முடிந்து கடைசிச் செங்கல்லை இறக்கி வைத்தால் தோளுக்கு ஒரு சுகம் வருமே, அந்தச் சுகத்தோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சுகம் வீட்டுச் சமையலறை வரைக்கும்தான் வந்தது.

மேசைமேல் புகையிலை டப்பா திறந்து கிடந்தது. அதில் காலையில் இரண்டு காசுகள் இருந்தன. இரண்டும் 1794, இரண்டும் ஒரே கறுப்பு. ஒன்று ஊரெல்லாம் கிடைக்கிற சாதாரண ரகம். மற்றது சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில், ஒரு பொத்தான் டப்பாவுக்குள் அகப்பட்டது. அரை டாலர் கொடுத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கி வந்து, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆர்லோ மூச்சே விட்டார்.

அந்தக் காலத்தில் அச்சை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டினார்கள். வெட்டியவன் கை போன போக்கில் ஓர் அச்சில் காசின் பின்பக்க மாலையிலுள்ள இலை எழுத்தைத் தொடும், இன்னொன்றில் விலகி நிற்கும். அடிக்க அடிக்க அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலும் காசில் கோடாக விழும். எந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்று கண்டுபிடித்து, அச்சுக்கு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். காசு சேர்ப்பவர்கள் சங்கத்தில் ஆர்லோவும் வெண்டலும் 1794-ஆம் வருஷக் காசு ரகங்களில் சமமாக நின்றார்கள். பொத்தான் டப்பாக் காசின் முகப்பில் அம்மன் சிலை மாதிரி இருக்கிற பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அது இருவரிடமும் இல்லாத ரகம். மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். அதை வரிசையில் வைத்தால் ஆர்லோ ஒன்று கூட. வெண்டல் முகம் போகிற போக்கைப் பார்க்க அவர் பதினெட்டு வருஷமாகக் காத்திருந்தார்.

இப்போது கண்ணாடியைத் தேடிப் போட்டு, லென்ஸை வைத்து, டப்பாவில் மிச்சமிருந்த காசைப் பார்த்தார்.

கழுத்து வழவழவென்று இருந்தது.

"நெட்டி! காலையில நான் கண்ணாடி போட்டிருந்தேனா?"

"ஃப்ரிட்ஜ் மேல கெடந்துது" என்றாள் அவர் மனைவி. "ஏன், என்ன ஆச்சு?"

சொன்னார். நெட்டி கேட்டுவிட்டு, "இதுக்கா இந்தக் கூச்சல்? மாத்திக் கொடுத்துட்டேன், திருப்பிக் கொடுன்னு போன்ல கேளேன்" என்றாள்.

"கேட்டா அந்தக் காசுல என்னமோ இருக்குன்னு மோப்பம் பிடிச்சிருவான். லென்ஸை எடுப்பான். விரிசலைப் பாத்தான்னா அவனுக்கு ஒண்ணு கூடிடும்!"

"அப்போ வெண்டல் அந்தக் காசைப் பாக்கவே கூடாது."

"கூடவே கூடாது."

"பொழுது விடிஞ்சா காசு பாக்குறதத் தவிர வேற வேலையே இல்லாத மனுஷன்" என்று சொல்லிவிட்டு நெட்டி பாத்திரம் கழுவப் போனாள்.

ஆர்லோ தன்னிடமிருந்த நல்ல சென்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனார். வெண்டல் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெண்டல், மனசு கேக்கல. அவ்வளவு மட்டமான காசைக் கொடுத்தது தப்பு. இந்தா, இதை வச்சுக்க. அதைக் கொடு."

வெண்டல் புல்வெட்டியை நிறுத்தினார். புதுக் காசைப் பார்த்தார். ஆர்லோவைப் பார்த்தார்.

"கெட்ட காசை வாங்கிக்கிட்டு நல்ல காசு தர்றியா? நீயா?"

"நட்புக்காக."

"போன வருஷம் என் பொறந்தநாளுக்கு, நீ சாப்பிட்ட சாண்ட்விச்சுக்கு என்கிட்ட காசு வாங்கினவன் நீ."

"அந்தக் காசு எங்க இருக்கு இப்போ?"

"பத்திரமா இருக்கு" என்றார் வெண்டல். சொல்லும்போதே கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். சாவிகளோடு செம்பு உரசுகிறதோ என்று ஆர்லோவுக்குப் பல் கூசியது. "அவசரமில்ல ஆர்லோ. யோசிச்சுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்த ஆர்லோ சோபாவில் விழுந்தார். "அவனுக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றார்.

"நீ போனா சந்தேகம் வரத்தான் செய்யும்" என்றாள் நெட்டி. "நான் போறேன்."

மறுநாள் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது முகத்தில் வெற்றி.

"தர்றேன்னுட்டார்."

"எப்படி?"

"அது என் லெஸ்டர் சித்தப்பாவோட ஞாபகார்த்தக் காசுன்னு சொன்னேன். அவர் போன வாரம் செத்துட்டார்னு சொல்லி அழுதேன்."

"லெஸ்டர் சித்தப்பா ஃப்ளாரிடாவுல மீன் பிடிச்சிட்டிருக்காரே!"

"வெண்டலுக்குத் தெரியவா போகுது? பாவம், கண் கலங்கிட்டார். அப்புறம் பேச்சுவாக்குல, புகைபோக்கி விழற மாதிரி இருக்குன்னார். ஆர்லோ கட்டித் தருவார்னு சொல்லிட்டேன். முடிஞ்சதும் காசைக் கையில கொடுக்கறாராம்."

"கூரை மேல ஏறவா? என் முட்டியப் பாத்தியா?"

"முட்டி பெருசா, காசு பெருசா?"

ஆர்லோ அன்றைக்கே சாந்துக் கரண்டியைத் துடைத்து எடுத்தார்.

வெண்டலின் புகைபோக்கி கீழேயிருந்து பார்த்ததைவிட மோசமாக இருந்தது. ஒரு செங்கல்லைத் தொட்டால் நான்கு கையோடு வந்தன. கழுத்து மட்டத்திலிருந்து இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. செங்கல் செலவும் ஆர்லோ தலையில் விழுந்தது. இவர் மேலே வெயிலில் சாந்து பூச, வெண்டல் கீழே எலுமிச்சைச் சாறோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வேடிக்கையான கேள்விகளாகக் கேட்டார்.

"ஆர்லோ, அந்தக் காசுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது? முகப் பக்கமா, இலைப் பக்கமா?"

"ஒண்ணும் இல்ல. சித்தப்பா ஞாபகம்."

"இலை எழுத்தைத் தொடுமே, அதுவா?"

"நான் பாத்ததே இல்ல."

"வருஷம் எழுதின இடத்துல ஏதாவது…?"

"சாந்து காயுது, பேசாம இருய்யா!"

கண்டுபிடித்துவிட்டுச் சீண்டுகிறான் என்று நினைத்து ஆர்லோ இரண்டு செங்கல்லைக் கோணலாக வைத்துப் பிறகு பெயர்த்தார்.

இடையில் வந்த புதன்கிழமையும் டோரீன் கடைக்குப் போனார்கள். போகாமல் இருந்தால் மற்றவன் என்ன நினைப்பானோ என்று இருவருக்கும் பயம். டோரீன் கோப்பை தளும்பத் தளும்பக் காப்பியை ஊற்றினாள். இருவரும் மேசைமேல் நான்கு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"பல்லு கெடச்சுதா கண்ணு?" என்று டோரீன் வெண்டலைக் கேட்டாள். எழுபது வயதுக்காரரானாலும் அவளுக்கு எல்லோரும் கண்ணுதான்.

வெண்டல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். வெண்டலின் பல் எங்கே போனால் ஆர்லோவுக்கு என்ன?

அன்று சாயங்காலம் ஃப்ளாரிடாவிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் ஆர்லோ.

"ஆர்லோ, நான் லெஸ்டர். வெண்டல்னு யாரோ எனக்கு மலர்வளையம் அனுப்பியிருக்கான். 'அமைதியாக உறங்குக'ன்னு எழுதியிருக்கு. என்னைப் பத்தி டாக்டர் ஏதாவது சொன்னாராடா? உங்களுக்குத் தெரியுமா?"

அவரைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆயிற்று. "விலாசம் கேட்டார், கொடுத்தேன்" என்றாள் நெட்டி. "நல்ல மனுஷன்னு நெனச்சேன். இவ்வளவு நல்லவரா இருப்பார்னு யாருக்குத் தெரியும்?"

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது புகைபோக்கி முடிந்தது. ஊரிலேயே அப்படி நேரான புகைபோக்கி கிடையாது. வெண்டல் ஒரு சின்னக் காகித உறையை ஆர்லோவின் கையில் வைத்து, "சித்தப்பாவுக்கு என் அஞ்சலி" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆர்லோ வண்டிக்குள்ளேயே லென்ஸை எடுத்தார். கறுப்பு சரி. தேய்மானம் சரி. கழுத்தில் விரிசல் இல்லை. வருஷத்தைப் பார்த்தார். 1798.

மறுநாள் புதன்கிழமை. டோரீன் கடையில் வெண்டல் பான்கேக்கில் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார். ஆர்லோ அந்த உறையைத் தட்டுக்குப் பக்கத்தில் ஓங்கி அடித்தார்.

"திருட்டுப் பயலே! இது என் காசு இல்ல!"

"கறுப்பா, தேஞ்சதுதானே கொடுத்த? இதுவும் அப்படித்தான் இருக்கு."

"கழுத்துல விரிசல் எங்கய்யா?"

சொன்ன பிறகுதான் ஆர்லோ நாக்கைக் கடித்துக்கொண்டார். வெண்டலின் கையிலிருந்த முள்கரண்டி பாகுக்குள் விழுந்தது.

"கழுத்துக்குக் குறுக்க விரிசலா?" வெண்டல் மேசைமேல் குனிந்தார். "தொண்ணூத்திநாலுல? அந்த ரகமா?"

"தெரியாத மாதிரி நடிக்காத. எடுத்து ஒளிச்சு வச்சுட்டு…"

"நான் எடுக்கவே இல்லடா!" என்று வெண்டல் கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நீ பிச்சை போடற மாதிரி போட்டுட்டுப் போன. எனக்குக் கோவம். இந்தக் குப்பைய எவன் தொடுவான்னு அப்படியே மேசைமேல விட்டுட்டு எழுந்து போயிட்டேன்."

"விட்டுட்டியா?"

"அப்புறம் நீ வந்து நல்ல காசை நீட்டினப்பதான், ஐயோ அதுல என்னமோ இருந்திருக்குன்னு புரிஞ்சுது. விட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? இங்க ஓடி வந்தேன். டோரீன்கிட்ட கேட்டேன், காசு எதுவும் கெடக்கலைன்னுட்டா. பல் செட் தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி பின்பக்கக் குப்பைத் தொட்டி முழுக்கக் கிளறினேன். முட்டை ஓட்டுக்கும் காப்பிச் சக்கைக்கும் நடுவுல, இந்த வயசுல! நீ கூரைமேல இருந்தப்ப எது எதுவோ கேட்டேனே, என்ன ரகத்தைத் தொலைச்சேன்னு தெரிஞ்சுக்கத்தான்."

ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் சாந்து அரித்த புண்ணைப் பார்த்தார்.

"அப்போ இல்லாத காசுக்கு நான் புகைபோக்கி கட்டியிருக்கேன்."

"உயிரோட இருக்கறவருக்கு நான் மலர்வளையம் அனுப்பியிருக்கேன். நேத்து அவர் போன் பண்ணி, 'நீ யாருடா'ன்னு கேட்டார்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. ஆனால் இருவரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார்கள்.

"கூட்டத்துல இந்த வருஷமும் சமம்" என்றார் ஆர்லோ, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"சமம். உன் ஒரு சென்ட்டும் கணக்குல கழிஞ்சுது. புகைபோக்கி வேலையில வரவு வச்சுட்டேன்."

"இனிமே நான் கடன்காரன் இல்லையே?"

"சத்தியமா இல்ல."

காப்பிக் கூஜாவோடு வந்த டோரீன் இரண்டு கோப்பையையும் விளிம்பு வரை நிரப்பினாள். போகாமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிரிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்ல. மேசை ஆடுது, மேசை ஆடுதுன்னு வருஷக்கணக்கா என்னைத் திட்டினீங்களே, அன்னைக்கு எவனோ இங்க போட்டுட்டுப் போன கறுப்புத் தகட்டை முட்டிபோட்டுக் குனிஞ்சு இந்தக் காலுக்கடியில சொருகி, சுத்தியலால நாலு அடி அடிச்சு உக்கார வச்சேன், இன்னைய வரைக்கும் ஒரு சொட்டுக் காப்பி சிந்தல. ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயிலேருந்தாவது ஒரு நன்றி வந்துச்சா கண்ணு?"