புகையைப் பிடித்த சாயபு

ராயப்பேட்டையில் விறகுத்தொட்டி வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மான் சாயபு சர்க்காருக்கு விரோதமாக ஒரு காரியம் செய்துவிட்டார். தம் மனைவி இருமக் கூடாது என்று நினைத்தார்.

ஜமீலுன்னிசாவுக்கு அடுப்புப் புகை ஆகவில்லை. அடுத்த மழைக்காலத்தைத் தாண்ட வேண்டுமானால் புகைப் பக்கமே போகக்கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விறகு விற்கிறவன் வீட்டில் வேறு எதை வைத்துச் சமைப்பது? காலேஜில் ரசாயனம் படித்த மச்சான் உமர் ஃபாரூக் ஒரு வழி சொன்னான். சவுக்குக் கட்டைகளை இரும்புப் பீப்பாயில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, தொட்டியின் கோடியில் வைத்துச் சூடேற்றினார்கள். குழாய் வழியே வந்த புகையைத் தண்ணீரில் குளிர வைத்ததும் வினிகர் மாதிரிக் காடி, தார், ஸ்பிரிட் எல்லாம் ஜாடிகளில் இறங்கின. மிஞ்சிய வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்கிறதாம். அது சமையலறை அடுப்பில் நீலமாக எரிந்தது. ஜமீலுன்னிசா இருமாமல் சோறு வடித்தாள்.

அவ்வளவுதான், மயிலாப்பூரில் இது ஃபாஷன் ஆகிவிட்டது. மோட்டார் வைத்திருந்த வக்கீல்களெல்லாம் "எங்காத்துலயும் விறகு காஸ் வரப்போறது" என்று கச்சேரிக்கு நடுவில் சொல்லிக்கொண்டார்கள். அடுப்பை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

இவ்வளவு பேர் பேசினால் சர்க்கார் சும்மா இருக்குமா? லைசென்ஸ் இல்லாமல் விறகிலிருந்து வஸ்துக்களை அபகரித்த குற்றத்துக்காகப் பீப்பாய்க்குச் சீல் வைத்தார்கள். ஜமீலுன்னிசா மறுபடி விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தாள், மறுபடி இருமினாள். சாயபு சீல் வைத்த ஆபீசுக்கு ஓடினார்.

அதிகாரி பஞ்சாட்சரம் நியாயஸ்தர். ஸ்பிரிட்டைக் குடிக்கலாமா என்று விசாரித்தார். குடித்தால் கண் போய்விடும் என்றார் சாயபு. கண் போன எவராவது அதைப் பார்த்து ஒரு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அப்படியானால் ருசுவாகும் வரை அது சாராயம். காடி சுகாதார இலாகாவுக்குப் போக வேண்டும், தார் ரோட்டு இலாகாவுக்கு. வாயுவுக்கு இலாகாவே கிடையாது. அதுதான் அதன் மேலிருந்த பெரிய குற்றம்.

"மத்ததெல்லாம் நீங்களே வச்சிக்கினு அந்த வாயுவ மட்டும் உட்டுடுங்க சார். ஊட்ல அவ மூச்சு உடணும்."

"மூச்சு விடுவதை இந்த ஆபீஸ் ஆட்சேபிக்கவில்லை. வாயுவுக்கு சாம்பிள் கொண்டுவாரும்," என்றார் பஞ்சாட்சரம்.

சாம்பிள் எடுக்க வேண்டுமானால் சீலை உடைக்க வேண்டும். சீலை உடைக்க வேண்டுமானால் சாம்பிள் தேற வேண்டும். இந்தச் சிக்கல் பிரிவதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு நாளைக்குச் சீலை எடுக்க உத்தரவு வாங்கி, சாயபு ஒரு கால்பந்து பிளாடர் நிறைய வாயுவைப் பிடித்து, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார்.

சர்க்கார் வழக்கப்படி வெண்ணெயானாலும் வெடிமருந்தானாலும் சாம்பிளுக்கு அரக்கு முத்திரை வைத்தே தீர வேண்டும். அரக்கை உருக்க மெழுகுவத்தி ஏற்றினார்கள். நெருப்புக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்று சாயபு கையெடுத்துக் கும்பிட்டார். அது பரிசோதனைக்குப் பின் தெரியவேண்டிய விஷயம், முன்கூட்டியே தெரிவிப்பது முறையல்ல என்று பஞ்சாட்சரம் விளக்கினார். பியூன் ரங்கன் மெழுகுவத்தியைப் பிளாடர் பக்கம் கொண்டுபோனான்.

டமார் என்றது. அதிகாரியின் மீசையும் இரண்டு புருவங்களும் சர்க்கார் சேவையில் போயின. ரங்கன் மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டினான்.

"சாம்பிள் ஷோக்கா கீது சார்."

ஐப்பசி பிறந்தபோது உத்தரவு வந்தது. மேற்படி வாயு சர்க்கார் காவலிலிருந்து அனுமதியின்றி வெளியேறிவிட்டபடியால், அப்படியொரு வஸ்து இருந்ததாக இவ்வாபீஸ் கருதவில்லை. பீப்பாயை உடைத்துவிடவும். விறகைத் திறந்த அடுப்பில் எரித்து, அதிலுள்ள சகலத்தையும் புகையாக வீட்டுக்குள் விடுவதற்கு யாதொரு லைசென்சும் தேவையில்லை.

ஜமீலுன்னிசா சட்டப்படி இருமினாள். மழை ஓயுமுன் இருமலும் ஓய்ந்தது.

ஜமீலுன்னிசாவின் மௌத்துக்குத் துக்கம் விசாரிக்க ஊரே வந்திருந்தது. மயிலாப்பூர் வக்கீல்களும் வந்தார்கள். புருவம் பாதி முளைத்த பஞ்சாட்சரமும் வந்தார். உடலைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்த அடுப்பில் ஈர விறகு. எல்லாரும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி நின்றார்கள்.

"எவ்வளவு ஜனங்கள் அழுகிறார்கள் பாரும், சாயபு," என்றார் பஞ்சாட்சரம், இருமிக்கொண்டே.