நாலாவது ஆல்பம்

"அப்பா, இந்தக்கா கப்பல்ல நின்னுக்கிட்டா பாடுறாங்க?"

வானொலி நிலையத்தில் இசைத்தட்டு அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் அவருடைய ஆறு வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். குழந்தை மேல் தப்பில்லை. தட்டு வளைந்திருந்தது. குரல் ஏறி இறங்கித் தள்ளாடியது.

இசைக்குழுவிலிருந்து பிரிந்து வந்தபின் அந்தப் புகழ்பெற்ற பாடகி தனியாக வெளியிட்டவை ஆறு ஆல்பங்கள். அவற்றில் நாலாவது கொஞ்சம்தான் அச்சானது. எந்தக் கடையிலும் கிடைக்காது.

இரண்டு மாதத்துக்கு முன் எதிர்வீட்டு நர்ஸ் வந்து நின்றாள்.

"அண்ணே, வார்டுல ஒரு பேஷண்ட். பேச முடியாது. இந்த நாலாவது ஆல்பத்தைக் கேக்கணும்னு எழுதிக் காட்டுறாங்க. பேரு மட்டும் கேக்காதீங்க."

நிலையத்துத் தட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. நோயாளிக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நேராகப் போன தட்டு வளைந்து திரும்பியது. சத்தமில்லாமல் உறைக்குள் போட்டு வைத்தார்.

அப்போதுதான், பத்து வருடமாகக் கூப்பிட்டும் வராத பாடகி, வெள்ளிக்கிழமை பேட்டிக்கு வருவதாகத் தானாகவே கடிதம் எழுதினார்.

"ஆல்பத்துக்கு ஒரு பாட்டு. ஒண்ணு குறைஞ்சாலும் உங்க வேலை இருக்காது" என்றார் மேனேஜர்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். மகள் கப்பலைப் பற்றிக் கேட்டது அன்றுதான். பீரோவுக்கு அடியில் வைத்து அழுத்தினார். ஒரு பக்கம் படிந்தது; மறுபக்கம் எழுந்து நின்றது.

"தள்ளுங்க. இஸ்திரி போட்டா படிஞ்சுடும்" என்றாள் மனைவி.

"இது சட்டை இல்லம்மா!"

"சட்டைன்னா காலர் இருக்கும். இது அதைவிட சுலபம்."

துண்டு விரித்துத்தான் தேய்த்தாள். நடுவிலிருந்த லேபிள் துண்டோடு வந்துவிட்டது. தட்டை அப்படியே கொண்டுபோய் நிலையத்தில் அதன் உறைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை, "கடவுளே, நல்லதுதானே நினைச்சேன்" என்று வேண்டிக்கொண்டே, நாலாவதின் முறை வந்தபோது ஐந்தாவது ஆல்பத்தின் தட்டைச் சுழலவிட்டார். பாடினவருக்கே தெரியாமலா போகும்? கண்ணாடிக்கு அப்பால் பாடகி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்கில், "இந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

அடுத்து ஐந்தாவதின் முறை. அதே தட்டைத் திருப்பிப் போட்டார்.

"இதுவும்" என்றார் பாடகி.

மேனேஜர் ஏமாறவில்லை. பேட்டி முடிந்ததும் காதருகே வந்தார்.

"டீ குடிச்சிட்டு வரேன். என் மேசையில நாலாவது தட்டு இருக்கணும். இல்லேன்னா உங்க ராஜினாமா இருக்கணும்."

அவர் தாள் வாங்கிவந்து ராஜினாமாவை எழுதி முடித்தார். தவறையும் கையோடு ஒப்படைத்துவிடலாம் என்று தட்டு அறைக்குப் போய் நாலாவதின் உறையை உருவினார்.

உள்ளே வழவழவென்று நேரான தட்டு. லேபிள் பளபளத்தது. வளைந்த தட்டைக் காணோம். நடையில் ஒருவரும் இல்லை.

மேனேஜர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கே! அப்புறம் எதுக்கய்யா அஞ்சாவதைப் போட்டீங்க?"

"கை தவறிடுச்சு சார்."

சாயங்காலம் வாசலில் நர்ஸிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். "கடவுளே கொண்டுவந்து வச்சிட்டுப் போயிருக்கார்மா" என்று கைகூப்பினார்.

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"உங்க கடவுளுக்குத்தாண்ணே ரெண்டு மாசம் முன்னாடி எங்க வார்டுல தொண்டை ஆபரேஷன். ஜன்னலோரம் வெயில்ல வச்சு உங்க தட்டை வளைச்சதும் அவங்கதான்!"