கரடி வீட்டுச் சீர் அண்டா

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. காடு என்றால் பழைய கதைகளில் வருகிற காடு இல்லை. ரேஷன் கடையும் டோக்கன் வரிசையும் வந்துவிட்ட காடு. சிங்கத்தை எப்போதோ ஓய்வில் அனுப்பிவிட்டு யானையைத் தலைவராக்கியிருந்தார்கள். கரடியின் பெயர் உலகநாதன். நல்லவன். மாட்டிக்கொள்ளாதவரை எல்லாரும் நல்லவர்கள்தானே, அந்த வகையில் நல்லவன்.

உலகநாதனின் மனைவி செவ்வந்தி. அவளுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அதன் வயிற்றில் 'வள்ளியம்மாள் மகள் செவ்வந்தி' என்று பெயர் வெட்டியிருந்தது. அந்தக் காட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் பாத்திரமே இல்லை. கோயில் கொடை வந்தால், கல்யாணம் வந்தால், எல்லா வீட்டு அண்டாவும் ஒன்றாகப் போகும், ஒன்றாகக் கழுவப்படும். பெயரைப் பார்த்துத்தான் அவரவர் அண்டாவை அவரவர் தூக்கி வரவேண்டும். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்தாலும் அண்டாவுக்குப் பெயர் வெட்ட மறக்கமாட்டார்கள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அது அந்த அண்டாவில்தான் போய் முடியும். "எங்கம்மா குடுத்த அண்டாவுல தண்ணி குடிச்சுக்கிட்டு எங்கம்மாவையே பேசுறீங்களா?" என்பாள் செவ்வந்தி. அத்தோடு உலகநாதன் வாயை மூடிக்கொள்வான்.

கொடைக்குக் கொஞ்ச நாள் முன்னால் செவ்வந்தி தங்கச்சியின் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது, "பரண்ல இருக்கிற தேன் கொடைக்கு வச்சிருக்கேன். கை வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லாமல் போயிருந்தால் அங்கே தேன் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

பரண் உயரம். உலகநாதன் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினான். ஊரில் யார் எவ்வளவு கனம் என்று எல்லாருக்கும் தெரியும், தன் கனம்தான் தனக்குத் தெரியாது. 'டங்' என்று ஒரு சத்தம். கீழே உட்கார்ந்து பார்த்தபோது தேன் பானை கையில் இருந்தது, அண்டா பிளந்திருந்தது. பிளவு அடியில் தொடங்கிப் பெயரைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. 'செவ்' இந்தப் பக்கம், 'வந்தி' அந்தப் பக்கம்.

அவனுக்குப் பயம் வந்தது. திட்டுவாளே என்று இல்லை. திட்டு அவனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி. திட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல், உடைந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவாள். போன வருஷம் ஒரு சீர்க் கரண்டி வளைந்ததற்கே போனவள்தான், மழைக்காலம் முழுக்கத் திரும்பவில்லை. அவள் இல்லாத வீட்டில் அவனுக்குத் தேன்கூடக் கசக்கும். கசக்கக் கசக்கவே பானையைக் காலிசெய்துவிட்டு உலகநாதன் கிளம்பினான்.

பாத்திரம் பற்றவைப்பது மரங்கொத்தி. பட்டறை வாசலில் வரிசை புதரைத் தாண்டி நின்றது. முறை வந்ததும் மரங்கொத்தி அண்டாவைத் தட்டிப் பார்த்தது.

"டோக்கனை வாங்கிட்டுப் போ. கொடை கழிஞ்சு வா."

"செவ்வந்தி கொடைக்கு முன்னாடியே வந்துருவாளே."

"அப்ப அவளையும் கொடை கழிஞ்சு வரச் சொல்லு."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவன் சந்தையில் ஒரு கூட்டத்தைப் பார்த்தான். நடுவில் நரி நின்றுகொண்டிருந்தது. கையில் வெள்ளி நிறத்தில் ஒரு சுருள். ஒரு பக்கம் தடித்த தகடு, மறுபக்கம் பசை. நரி ஓட்டை வாளி ஒன்றை எடுத்தது, ஒரு துண்டு தகட்டை ஒட்டியது, தண்ணீரை ஊற்றி ஒரு குரங்கின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டியது. குரங்கு நனைந்தது வாளி தளும்பியதால்தான், ஓட்டையால் இல்லை. கூட்டம் கைதட்டியது.

"தண்ணி நிக்குமா?" என்று கேட்டான் உலகநாதன்.

"குளமே நிக்கும். அடுப்புல மட்டும் ஏத்தாதே."

"உரிஞ்சு வந்துராதே?"

"நீயா உரிச்சாத்தான் உண்டு. ஆனா உரிச்சுட்டா மறுபடி ஒட்டாது. அப்புறம் என்கிட்ட வராதே."

உலகநாதன் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, பிளவின் மேல் தகட்டை ஒட்டிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தான். தள்ளி நின்று பார்த்தான். பஞ்சாயத்துச் சாலை மாதிரி, ஒட்டுப்போட்ட இடம் தூரத்திலிருந்தே தெரிந்தது. கொஞ்சம் யோசித்தான். ஒரு இடத்தில் ஒட்டினால் அது ஒட்டு. முழுக்க ஒட்டினால் அலங்காரம். அடியிலிருந்து கழுத்துவரை சுற்றித் தள்ளிவிட்டான். பெயரும் உள்ளே போய்விட்டது. மிச்சத் தகட்டை வீணாக்குவானேன் என்று கட்டில் கால், குடைக் கம்பி, வாளிப் பிடி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுச் சுற்றினான்.

நீதிக்கதை படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் அண்டா ஒழுகும் என்று ஆசையோடு காத்திருப்பீர்கள். ஒழுகவில்லை. ஒரு சொட்டுக்கூட. நரி விற்றது நல்ல சரக்கு. நான் என்ன செய்யட்டும்.

செவ்வந்தி வந்து வாசலிலேயே நின்றாள். "அண்டாவுக்கு என்ன ஆச்சு?"

"கொடைக்குக் குடுத்தா கீறிடுறாங்கல்ல. அதான், பாதுகாப்புக்கு."

அவள் அவனைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்துப் புதர்க் காட்டுப்பன்றி இசக்கியம்மாள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, அண்டா இப்படி ஜொலிக்குது?" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க வீட்டுக்காரர் செஞ்சார். உங்க வீட்டுல இன்னும் செய்யலையா?" என்றாள் செவ்வந்தி.

அவ்வளவுதான். மறுநாள் காட்டுப்பன்றி வீட்டு அண்டா மின்னியது. அதற்கு அடுத்து முள்ளம்பன்றி வீடு, மான் வீடு, கீரி வீடு. பிளந்ததும் பிளக்காததும் சுருள் சுருளாகத் தகட்டுக்குள் போயின. பித்தளை மஞ்சளாகத் தெரிகிற வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். கடைசியில் யானைத் தலைவர் வீட்டு அண்டாவும் மின்னியது. நரி தேர்தலில் நிற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

கொடை வந்தது. வழக்கம்போல எல்லா அண்டாவும் தண்ணீருக்கும் மோருக்கும் பானகத்துக்கும் போயின. வழக்கம்போல ஆற்றங்கரையில் கழுவிக் குவித்தார்கள். அப்புறம் அவரவர் அண்டாவை எடுக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குவியல் முழுக்க வெள்ளி. ஒன்றிலும் பெயர் இல்லை.

"இது எங்களுது" என்றாள் இசக்கியம்மாள். "யாரு சொன்னா?" என்றது முள்ளம்பன்றி. கீரி நகத்தை நீட்டியது. மான்கூட முறைத்தது.

யானைத் தலைவர் தும்பிக்கையை உயர்த்தினார். "எதுக்குச் சண்டை? எல்லாத்தையும் உரிங்க. உள்ளே பேரு இருக்கும்ல. எங்கம்மா கஜலட்சுமி அண்டா ஒண்ணு ஒரு கொடையில காணாமப் போச்சு. அதுவும் இதுல கிடக்குதான்னு பார்த்துடலாம்."

உலகநாதன் இரண்டு பக்கமும் பார்த்தான். கொடைக்கு வந்த மாமியார் வள்ளியம்மாள் ஒரு பக்கம், செவ்வந்தி மறுபக்கம். உரித்தால் பிளவு தெரியும். பிளவு தெரிந்தால் தாயும் மகளுமாக இங்கிருந்தே நேராக ஊருக்கு நடைகட்டிவிடுவார்கள். உண்மையை நாமே சொல்லிவிட்டால் பாதிப் பாவமாவது குறையும் என்று அவன் தொண்டையைக் கனைத்தான்.

"உரிச்சா பசை போயிரும்" என்றது ஒரு குரல். அவனுடையது இல்லை. முள்ளம்பன்றி.

"மறுபடி ஒட்டாதாம்" என்றது காட்டுப்பன்றியின் புருஷன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லா இருக்கிறதை எதுக்குக் கெடுக்கணும்?" என்று கீரி நகத்தை மடக்கிக்கொண்டது. அங்கே நின்ற புருஷன்மார் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தகட்டின் மேல் பாசம் பொங்கியது. உலகநாதன் கனைத்ததை இருமலாக மாற்றிக்கொண்டான்.

தலைவர் விடவில்லை. "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா உரிக்கிறதுக்கு என்ன பயம்?"

அப்போது வள்ளியம்மாள் முன்னால் வந்தாள். "அதுவும் சரிதான். முதல்ல தலைவர் வீட்டு அண்டாவை உரிப்போம். அப்புறம் நாங்க உரிக்கிறோம்."

யானைத் தலைவர் குவியலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், காதை ஆட்டினார். "இத்தனை வருஷம் ஒத்துமையா இருந்த காடு," என்றார் மெதுவாக. "ஒரு அண்டாவுக்காக அடிச்சுக்கிடலாமா? ஆளுக்கு ஒண்ணைத் தூக்கிட்டுப் போங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஒன்றைத் தூக்கினார்கள். பெரியதாகப் பார்த்துத் தூக்கினார்கள் என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது செவ்வந்தி முன்னால் போய்விட்டாள். அண்டாவைத் தலையில் சுமந்து வந்த உலகநாதனிடம் மாமியார் தணிந்த குரலில் சொன்னாள். "நல்ல வேலை பண்ணினீங்க மாப்ளே. அந்தப் பேரு இனிமே வெளியே தெரியவே வேண்டாம்."

"ஏன் அத்தை?"

"செவ்வந்தி பேருக்கு அடியில இன்னொரு பேரு இருந்துச்சு. தட்டி மழுங்கடிச்சுட்டுத்தான் இவ பேரை வெட்டினோம். வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா 'கஜ'ன்னு தெரியும்." வள்ளியம்மாள் பெருமூச்சு விட்டாள். "அந்தக் கொடையில கழுவிக் கவுத்தப்ப மாறி வந்துருச்சு. கல்யாணம் வேற நெருங்கிருச்சு."

உலகநாதனுக்கு அண்டா கனம் குறைந்தது. இத்தனை வருஷம் எந்த அண்டாவுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. மாமியார் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அண்டாவின் தகடு ஒரு ஓரத்தில் கிளம்பியிருந்தது. உலகநாதன் குனிந்து பார்த்தான். உள்ளே பிளவு இல்லை. பித்தளையில் 'இச' என்று இரண்டு எழுத்து இருந்தது. இசக்கியம்மாள் அண்டா. அவன் நிமிர்ந்தபோது செவ்வந்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். அவன் கிளம்பிய ஓரத்தை விரலால் அழுத்தினான்.

பக்கத்துப் புதரில் இசக்கியம்மாள் யாருடைய அண்டாவிலோ தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"ஏங்க," என்றாள் செவ்வந்தி. "அந்தச் சுருள் மிச்சம் இருக்கா?"

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் ஒட்டினாள்; அவன் கரண்டியின் முதுகால் தேய்த்தான். சாயங்காலம் ஏதோ ஒன்றுக்குச் சண்டை வந்தது. "எங்கம்மா குடுத்த அண்டாவுல தண்ணி குடிச்சுக்கிட்டு" என்று அவள் ஆரம்பித்தாள். உலகநாதன் வாயை மூடிக்கொண்டு ஒரு செம்பு மொண்டு குடித்தான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

நீதி: உண்மை என்றைக்காவது வெளியே வந்தே தீரும், ஆகவே எப்போதும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி வைக்கவும்.