எந்த மடைங்க சார்?

உலகில் எழுத்து பிறந்ததே லைக் வாங்கத்தான். இந்தப் பேருண்மையை முதன்முதலாகக் கண்டறிந்தது வலங்கைமான் இணைய இலக்கியப் பேரவை. அதன் நிரந்தரத் தலைவன் அடியேன். தேர்தல் வைத்தால் வேறு யாராவது ஜெயித்துத் தொலைக்கலாம் என்பதால் 'நிரந்தரம்'.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு களங்கம் ஹஃப்ஸா. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். பேஸ்புக்கில் அவர் எழுதுவதை எழுத்து என்று சொல்லவே நாக்கு கூசும். 'இலை நுனி பழுக்குது. உங்க பக்கமும் இருக்கா? என்ன அடிச்சீங்க?' என்று போடுவார். நாலு பேர் பதில் எழுதுவார்கள். இவர் திருப்பிச் சந்தேகம் கேட்பார். அவர்கள் விளக்குவார்கள். கடைசியில் எல்லோருக்கும் புரிந்தே போய்விடும். இலக்கியத்துக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

"எத்தனை லைக்கும்மா வந்துச்சு?" என்று ஒருமுறை பரிவோடு விசாரித்தேன்.

"பாக்கலைங்க சார். பதில் வந்துச்சு."

"பதில் கிடக்கட்டும். லைக்?"

"நான் கேட்டது பதில்தானே சார்?"

அட கடவுளே! திருத்த முடியுமா இவரை?

போன குறுவை நெல் நடவின்போது, ஒரு விடியற்காலையில், வாரக்கணக்கில் வறண்டு கிடந்த என் கற்பனை திடீரென்று பொங்கியது. விடுவேனா? பேஸ்புக்கில் முழங்கினேன்: 'மடை திறந்தது! பாய்கிறது, பாய்கிறது! வாருங்கள், நனையுங்கள்!'

லைக் குவிந்தது. குவைத்திலிருந்து ஒருவர் 'புல்லரிக்கிறது' என்றார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அழுதார், பொம்மை போட்டுத்தான். ஹஃப்ஸா மட்டும் கீழே கேட்டார்: 'எந்த மடைங்க சார்?'

ரசனை கெட்ட கேள்வி! பதில் சொன்னால் படைப்பின் 'பூடகம்' என்னாவது? கேள்வியைக் கம்பீரமாகத் தாண்டிப்போய் லைக்கை எண்ணினேன்.

வாய்க்காலின் கடைக்கோடியில் குத்தகைக்கு நிலம் பிடித்திருக்கும் துரைராசு, முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்தார். என் பதிவைப் பார்த்ததும் கும்பிடு போட்டார். வாசகர் என்றால் அவர்தான் வாசகர்! எழுதியதை அப்படியே நம்பினார். உடனே நடவு ஆட்களைக் கூப்பிட்டு, நாற்றங்காலில் இருந்த நாற்று முழுவதையும் பறித்துவிட்டார்.

தண்ணீர் வரவில்லை. பறித்த நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே நடாவிட்டால் அவருக்குக் குறுவை அவ்வளவுதான்.

ஃபோன் செய்தார். "தலைவரே, மடை தொறந்தாச்சுன்னீங்களே, தண்ணி எங்கங்க?"

"அது உள்மனசு மடைங்க துரைராசு. படிமம்!"

"படிமமா? அது எந்த வாய்க்கால்ல வருதுங்க?"

இதற்குள் ஹஃப்ஸா தன் கைவரிசையைக் காட்டிவிட்டார்: 'துரைராசு அண்ணன் நாத்து பறிச்சுட்டாங்க. தண்ணி வரலை. பக்கத்துல யார் போர்செட்டு ஓடுது?'

'என்னோடது ஓடுது. ஓஸ் பைப்புதான் எட்டாது' என்றார் அல்லா பிச்சை. 'எங்க வீட்ல இருக்கு, கொண்டாறேன்' என்றார் மதிவதனி. பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. லைக்? பூஜ்யம். வெட்கக்கேடு!

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டி, அந்தப் பூஜ்யத்தைக் கண்டித்துத் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தேன். காலில் சேற்றோடு துரைராசு உள்ளே வந்தார்.

"தலைவரே, ஹஃப்ஸா கேட்டதுக்கு இன்னும் பதில் போடலியே நீங்க?"

"எங்கங்க நேரம்?"

"பரவால்ல, நான் போட்டுர்றேன்."

நின்றபடியே எழுத்து எழுத்தாகத் தட்டினார். 'எந்த மடைங்க சார்?' என்பதற்குக் கீழே ஒரு வரி வந்து விழுந்தது:

'மடை இல்ல தங்கச்சி. மடையன்.'

குவைத் சிரித்தது. சிங்கப்பூர் இந்த முறை நிஜமாகவே அழுதிருக்கும், சிரித்துச் சிரித்து. பேரவை உறுப்பினர்கள் என் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொருவராக லைக் போட்டார்கள். என் பதிவு வாங்கியதைவிட அந்த ஒரு வரி அதிகம் வாங்கியது.

அத்தனை பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 'எந்த மடையன்?' என்று ஹஃப்ஸாகூடக் கேட்கவில்லை.