புகழேந்தியின் எல்லாருக்குமான வெப்சைட்

‘எல்லாருக்கும்தாங்க செஞ்சிருக்கோம்’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் மனிதர்கள் ஒரு தனி ரகம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவண்ணாமலையில் லாட்ஜ் வைத்திருக்கும் புகழேந்தி அந்த ரகத்தின் தலைவர். லாட்ஜ் வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை கட்டினார், ரிப்பன் வெட்டினார், பேப்பரில் போட்டோ வர வைத்தார். மறுநாளிலிருந்து அதில் தன் பைக்கை நிறுத்துகிறார்.

வெப்சைட்டும் அப்படித்தான். திறந்தால் மணி அடிக்கும், மலை சுழலும், ரூம் விவரத்திலிருந்து போன் நம்பர்வரை அத்தனையும் அழகழகான படங்களுக்குள் மின்னும். பார்க்கிறவர்களுக்குப் பிரமாதம். பார்க்க முடியாதவர்களுக்கு? அந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின வாரம் வினோதினி வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், பேங்க் அதிகாரி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கூட வேலை செய்யும் ஏழு பேரோடு கிரிவலம் வருவதாகவும், ரூம் போடும் பொறுப்பு தன்னுடையது என்றும், இந்த வெப்சைட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டியதாகவும் சொன்னார். யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று புகழேந்தி கனிவாகக் கேட்டார்.

“எனக்கு வேணும்ன்ற ரூமை நானே போடக் கூடாதுங்களா?” என்ற வினோதினி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் தன் போனை மேஜைமேல் வைத்தார். “நீங்க கண்ண மூடிக்கிட்டு ஒரு ரூம் போடுங்க.”

சொந்த லாட்ஜ், சொந்த வெப்சைட். புகழேந்தி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். போன் வாசித்தது: படம், படம், பெயரில்லாத பட்டன், படம். தடவினார், தட்டினார், மணி அடித்தது, மறுபடியும் படம். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, பஸ் இருக்கும் படங்களைத் தொடுங்கள் என்றது. கால் மணி நேரம் கழித்து வியர்த்துப்போய்க் கண்ணைத் திறந்தார். ரூம் கிடைக்கவில்லை. வெப்சைட் பிரெஞ்சுக்கு மாறியிருந்தது.

முகம் சுண்டிவிட்டது. எட்டு பேருக்கும் ரூமைத் தன் கையாலேயே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

“வேற லாட்ஜ்ல போட்டுட்டேங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

புகழேந்திக்கு உண்மையாகவே வலித்தது. வெப்சைட் செய்துகொடுத்த அர்ஜுனனைக் கையோடு வரவழைத்து, பட்டன்களுக்குப் பெயரும் படங்களுக்கு விளக்கமும் எழுத வைத்தார். பைக்கைக்கூட நகர்த்தினார். பிறகு, இனி எல்லாருக்கும் ஏற்ற வெப்சைட் என்று பூப்போட்ட ஒரு அறிவிப்பு தயாரித்து, முதல் வேலையாக வினோதினிக்கு அனுப்பினார்.

படமாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகையை வாட்ஸப்பில் இருநூறு பேருக்கு எப்படி அனுப்பினீர்கள்?