பாலம் பார்க்கப் போய் உருமா கட்டிக்கொண்டேன்

மேடை ஆசை பிடித்தவனுக்குக் கண் இரண்டும் வேலை செய்யாது. இதை நான் அடித்துச் சொல்வேன். என் கண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் வேலை செய்யவில்லை.

அரியலூர் பழைய டவுனில், வாய்க்காலுக்கு மேல் ஒரு பழங்காலச் செங்கல் பாலம் இருக்கிறது. பழைய கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் உறுப்பினர். 'ஞாயிறு பத்து மணிக்குப் பாலத்தடியில் கூடுவோம், குரும்பலூர் நண்பர் பேசுவார்' என்று அறிவித்தார்கள். குரும்பலூர் நண்பர் நான்தான். முதல் பேச்சு. கல்யாணமாகி ஆறு மாதம். என் மதிப்பு என்னவென்று மனைவி செல்விக்குக் காட்டிவிட வேண்டுமென்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். (கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்த செய்தி காலை ஏழு மணிக்கே வந்திருந்தது. நான் அப்போது கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.)

செல்வியைப் பாலத்தின் மேல் நிறுத்தி, "வீடியோ எடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கீழே முப்பது பேர் இருந்தார்கள். எனக்கா இவ்வளவு கூட்டம் என்று உடம்பு பூரித்தது. நாலைந்து பேர் புது மொட்டை. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (நினைத்தேன் ஐயா, வேறென்ன சொல்ல?)

"எங்கேந்து வரீங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"குரும்பலூருங்க."

"அட, வாங்க வாங்க! ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டு கெடக்கோம்."

கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். இன்னொருவர் புதுத் துண்டைப் பிரித்து என் தலையில் உருமா கட்ட வந்தார். பொன்னாடையைத் தோளில்தானே போடுவார்கள் என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அரியலூர்ப் பக்கம் மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்போல என்று அதையும் விழுங்கிவிட்டு, தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தேன். மேலே செல்வி கையை வேகவேகமாக ஆட்டினாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை என்று நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

தொண்டையைச் செருமினேன். "இந்த மகிழ்ச்சியான நாளில், எனக்கு இப்படியொரு மரியாதை செய்த உங்கள் எல்லோருக்கும்..."

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் விம்மி அழுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் படியில் வைத்திருந்த படையலும், பக்கத்தில் மாலை போட்ட போட்டோவும் தெரிந்தன. பதினாறாம் நாள் கருமாதி. இறந்தவரின் பங்காளிகளுக்குச் சம்பந்தக்காரர்கள் கட்டுகிற உருமாவைத்தான் நான் தலைகுனிந்து வாங்கியிருந்தேன்.

மொட்டை போட்டவர்களில் என் வயதுக்காரர் ஒருவர் அருகில் வந்தார்.

"அப்பாவ ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை. "தெரியாதுங்க. பாலத்தப் பாக்க வந்தேன்."

நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ, "அப்பாவும் சாயங்காலமானா இந்தப் பாலத்துலதான் உக்காந்திருப்பாரு" என்றார். வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

துண்டை அவிழ்க்கப் போனேன். "கட்டுனத இங்க அவுக்கக் கூடாதுங்க. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க" என்று தடுத்துவிட்டார் பெரியவர். செல்வியைப் பெண்கள் பக்கம் அழைத்துப் போனார்கள். பங்காளிகளோடு பந்தியில் உருமாவும் தலையுமாக உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் அசல் குரும்பலூர்ப் பங்காளி வந்து சேர்ந்தார். அவருக்குத் துண்டு இல்லை. அவர் என் தலையைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

அதோடாவது விட்டேனா? வாசலில் செருப்பை மாட்டும்போது, பழக்க தோஷத்தில், "அப்ப போயிட்டு வரேங்க!" என்று சொல்லித் தொலைத்தேன். கருமாதி வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் பேரளி ஊரைத் தாண்டியதும் செல்வி, "ஏங்க, அந்த மொட்டை போட்ட அண்ணன் ஒங்ககிட்ட என்ன கேட்டாரு?" என்று கேட்டாள். சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, வீடியோவை அழித்துவிட்டாள்.

அழித்து என்ன பயன், அவள் வாய் இருக்கிறதே! இது நடந்து ஆறு வருஷமாகிறது. போன மாதம் எங்கள் ஆபீஸ் விழாவில் எனக்குச் சால்வை போட வந்தார்கள். முன்வரிசையில் அம்மா மடியிலிருந்த என் மகள் எழுந்து நின்று கத்தினாள்:

"அப்பா, யாரு செத்தாங்கன்னு கேட்டுட்டுக் குனிங்க!"