முப்பதா நாற்பதா என்றொரு மனிதர்

எங்கள் அடுக்குமாடியில் ஒரு வதந்தி. கீழ்த்தளத்தில் ஒருவர் தன் டர்போ காரின் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புதிதாக எதை ஊற்றுவது என்று முடிவுக்கு வர முடியாமல், ஒரு வாரமாகக் காருக்கு அடியிலேயே குடியிருக்கிறாராம். உண்மையா என்று பார்க்க நானே படியிறங்கினேன். குடியிருக்கிறார் என்பது அபாண்டம். சாப்பாட்டுக்கு மேலே போய்வருகிறார். மற்றதெல்லாம் நிஜம்.

வாசகரே, ஆயில் பண்டிதர் என்றோர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டே பேசுவார். பணம் கேட்கிறாரோ என்று பதற வேண்டாம், பிசுக்குப் பார்க்கிறார். நம் காரைத் தாண்டிப் போகும்போது நம்மிடம் நலம் விசாரிக்க மாட்டார், என்ஜினிடம் விசாரிப்பார். முகம் தெரியாத ஆட்களோடு, மொழி தெரியாத நாட்டு இணையதளங்களில், விடிய விடியச் சண்டை போடுவார். துக்க வீட்டுக்கு வந்தால் தலையைக் குனிந்து, பெருமூச்சு விட்டு, "நல்ல மனுஷன், இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரே" என்று கண் கலங்கி, அந்தக் கலக்கம் காய்வதற்குள், "வண்டிக்கு என்ன கிரேடு ஊத்திட்டிருந்தாரு?" என்பார்.

விஷயம் என்னவோ எளிது. டப்பாவின் மேல் 5W-30 என்று கிரேடு போட்டிருந்தால், முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், என்ஜின் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி. தலைதெறிக்கச் சுற்றும், அடுப்பாகச் சுடும், எண்ணெய் போய்ச் சேராவிட்டால் உயிரை விடும். அதனால் எந்த எண் பொருத்தம் என்று காரைச் செய்தவர்களே யோசித்துச் சொல்லிவிடுகிறார்கள். வேலை முடிந்தது. யாருக்கு? உங்களுக்கும் எனக்கும்.

"கம்பெனிக்காரன் சொல்றதையெல்லாம் நம்புவீங்களா சார்?" என்றார் பண்டிதர், காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி. "முப்பது போட்டா சூட்டுல தண்ணியாயிடும். டர்போ போச்சு."

"அப்ப நாற்பது போடுங்க."

"நாற்பது காலைல எழுந்து ஓடவே சோம்பல்படும். அதுக்குள்ள டர்போ வறண்டு சுத்தும். அப்பவும் போச்சு."

"நடுவுல முப்பத்தஞ்சு?"

"அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன் சார் இங்க படுத்திருக்கேன்?"

நியாயம்தானே?

மேலே, நான்காவது மாடியில், நிலைமை அவ்வளவு சாவகாசமாக இல்லை. அவர் மனைவிக்கு மறுநாள் காலையில் புது வேலை. பஸ் எட்டிப்பார்க்காத இடத்தில் ஒரு தொழிற்சாலை, அதில் கணக்குப் பிரிவு. பிள்ளைகள் வளரட்டும் என்று பல வருடம் பொறுத்திருந்து, பிறகு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டு வாங்கிய வேலை. முதல் நாளே ஆளைக் காணோம் என்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலோ குளிர்பெட்டியில் பாலுக்கு இடமில்லை. குளிரில் எது முந்தி ஓடுகிறது என்று பார்க்க, மூன்று புட்டிகளில் மூன்று எண்ணெய்களை அங்கே வைத்திருக்கிறார் பண்டிதர். இருமலோடு இருந்த மாமனார் ஒரு புட்டியைக் குலுக்கி, கரண்டியில் ஊற்றி, வாயைத் திறந்த நேரத்தில் தடுக்கப்பட்டார். மெக்கானிக்கைக் கேட்கலாமே என்கிறீர்களா? பண்டிதரின் தலை தெருமுனையில் தெரிந்ததுமே மெக்கானிக் ஏதாவதொரு வண்டிக்கு அடியில் உருண்டுவிடுவார். "மெக்கானிக் இருக்காரா?" என்று கேட்டால், "வெளிய போயிருக்காரு" என்று வண்டிக்கு அடியிலிருந்து அவரே பதில் சொல்வார்.

மனைவி கீழே இறங்கி வந்தார்.

"ஏங்க, நாளைக்கு வண்டி கிளம்புமா, கிளம்பாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"கிளம்பும்மா. எந்த எண்ணெயில கிளம்பும்கிறதுதான் கேள்வி."

"எதையாவது ஊத்தித் தொலைங்களேன்!"

"எதையாவதா?" பண்டிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, கையிலிருந்த கறுப்பு மூடியை ஆட்டி ஆட்டி, எங்கள் இருவருக்கும் வெப்பம், உராய்வு, உலோகத்தின் மனவேதனை ஆகியவற்றை விளக்க ஆரம்பித்தார். மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இது என்ன?"

"எண்ணெய் ஊத்துற இடத்தோட மூடி."

"மேல என்ன எழுதியிருக்கு?"

வெள்ளை எழுத்தில், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில், 5W-30 என்று எழுதியிருந்தது.

"அது... சும்மா ஒரு அடையாளத்துக்குப் போட்டிருப்பான்."

"ஒரு வாரமா இதைக் கையில வெச்சுக்கிட்டா ஊர் பூரா கேட்டீங்க?"

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. காரின் கையேட்டை, இன்னும் பிரிக்காத உறையைக் கிழித்து, மனைவியே புரட்டினார். அதுவும் அதையே சொன்னது. பெட்ரோல் பங்கில் மூன்று லிட்டர் கிடைத்தது. குறைந்த ஒரு லிட்டருக்கு, என் காருக்காக வாங்கி வைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். மனைவி, கணவரின் சட்டைப்பையில் கையை விட்டு, அடியில் எண்ணெய் வடித்த துளையை அடைக்கும் போல்ட்டை எடுத்து நீட்டி, "முதல்ல இதைப் போய் முறுக்குங்க" என்றார். அவர் முறுக்கினார். இவர் ஊற்றினார். அந்தக் காட்சியைக் காணச் சகிக்காமல் பண்டிதர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் காலை கார் கிளம்பியது. வேலையும் நிலைத்தது. கார் தெருமுனை திரும்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பண்டிதர், "சத்தம் கொஞ்சம் மெலிசா இல்ல?" என்றார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? முப்பது, நாற்பது என்று படித்தபோது, "டர்போவுக்கு நாற்பதுதானே நல்லது" என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததே, நான் பார்க்கவில்லை என்று நினைப்பா? காரே இல்லை என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். மெத்தை வாங்க மூன்று மாதம் ஆராய்ச்சி செய்துகொண்டு, அதுவரை தரையில் படுத்திருந்தவர் யார்?

அது கிடக்கட்டும். என் ஒரு லிட்டர் எண்ணெய் இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று பண்டிதரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"தராம எங்க சார் போகப்போறேன்? உங்க வண்டிக்கு எந்த கிரேடு வாங்கித் தர்றதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

நான் கொடுத்ததையே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. யோசிக்கட்டும். எனக்கும் இப்போது அதில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.